ஆறாம் எண் கொட்டகையில் அறுபது முட்டைகள்

பேரன்பையும் பெருஞ்சினத்தையும் ஒரே நெஞ்சில் குடிவைத்திருக்கும் என் தமக்கையார் லொரெய்ன் அவர்களுக்கு, வில்டன் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்தின் சட்டத்துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே நாற்காலியைத் தேய்த்துவரும் தம்பி ரஸ்ஸல் தலைதாழ்த்தி எழுதும் மடல். இங்கு நான் நலம். அங்கு உங்கள் முழங்காலும், லெனார்டு அத்தானின் குருதியழுத்தமும், நாயின் செவிட்டுக் காதும் நலமா என அறிய விழைகிறேன். உங்கள் அறுபதாம் பிறந்தநாள் விருந்துக்கு நான் வரவில்லை, வராததற்குக் காரணம் சொல்லவில்லை, சொல்லாததற்கு வருந்தவுமில்லை. மூன்று குற்றங்களையும் ஒப்புக்கொள்கிறேன். தண்டனைக்கு முன் என் தரப்பைச் சொல்ல இடம்தருக.

சென்ற நன்றிநாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே, பத்துப் பேர் நடுவே நீங்கள் கேட்டீர்கள்: "பஸ்ஸுக்கெல்லாம் எதுக்குடா வக்கீலு? அது என்ன கோர்ட்டுக்கா போகப்போகுது?" அன்று வாய் நிறையப் பூசணி அப்பம் இருந்ததால் விடை சொல்ல இயலவில்லை. இன்று சொல்கிறேன். பேருந்து மன்றத்துக்குப் போகாது, அக்கா. ஆனால் பேருந்தில் ஏறியவரும் ஏறாதவரும், ஏற நினைத்தவரும், ஏறியதாகக் கனவு கண்டவரும் போவார்கள். அவர்கள் அனைவருக்கும் எதிரே நிற்பதற்கு ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் நான். இந்த ஆண்டு மார்ச்சு மாதத்திலிருந்து என் தூக்கத்தைத் தின்றவர் ஒரே ஒருவர். பெயர் கிளைடு ஹாப்வுட்.

தவக்காலத்தின் ஒரு புதன்கிழமை காலை, இருபத்திரண்டாம் தடத்துப் பேருந்து மில் தெரு நிறுத்தத்தில் நின்றது. நின்றது என்கிறார் ஓட்டுநர் யோலாண்டா பிக்கெட். நிற்கவில்லை, குதிரை மிரண்டதுபோல் துள்ளியது, துள்ளிய வேகத்தில் தம்மை இருக்கையிலிருந்து தூக்கியெறிந்து இருக்கைகளின் நடுவழியில் மல்லாத்தியது, இடுப்பு போயிற்று, இனி ஒரு நாளிதழைக்கூடத் தூக்க முடியாது என்கிறார் ஹாப்வுட். வண்டியில் வேறு இருவர் இருந்தனர்; ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், மற்றவர் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு உலகத்தைத் துறந்திருந்தார். வண்டியின் கேமராவோ சனவரியிலேயே கண்ணை மூடிவிட்டது. அதைப் பழுதுபார்க்கக் கோரும் விண்ணப்பம் மூன்று மேசைகளைக் கடந்து நான்காம் மேசையில் இளைப்பாறிக்கொண்டிருந்தது.

இதில் எனக்கு ஏன் தூக்கம் கெட வேண்டும்? கெட வேண்டிய காரணத்தை நானே என் கையால் எழுதியிருந்தேன் என்பதால். இரண்டு ஆண்டுக்குள் மூன்று முறை தவிர்த்திருக்கக்கூடிய விபத்தை நிகழ்த்தும் ஓட்டுநர் பணிநீக்கம் செய்யப்படுவார் என்னும் விதி, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்து, நானே மெச்சிக்கொண்ட விதி. யோலாண்டா பனிக்காலத்தில் ஓர் அஞ்சற்பெட்டியை உரசினார், அது ஒன்று. குப்பை வண்டியொன்று அவருடைய பக்கக் கண்ணாடியைப் பறித்துச் சென்றது. அது எப்படியோ இரண்டு. ஹாப்வுட் வென்றால் மூன்று. ஓய்வூதியத்துக்குத் தகுதிபெற அவருக்கு இன்னும் இருபது மாதங்கள் இருந்தன. அவர் என் அறைக்கு வந்தார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் மெதுவாத்தான் நிறுத்துனேன், வக்கீல் சார். பத்தொம்போது வருஷமா அந்த ஸ்டாப்புல நிறுத்துறேன். கண்ண மூடிட்டு நிறுத்துவேன்."

"மன்றத்துல அந்தக் கடைசி வாக்கியத்தச் சொல்லாதீங்க."

"அந்த மூணு விபத்து ரூலு எழுதுனது நீங்கதானாமே?"

"ஆமாம்."

"நல்லா எழுதியிருக்கீங்க. எங்க தேடியும் ஒரு ஓட்டை கெடைக்கல."

அக்கா, என் வாழ்நாளில் நான் பெற்ற பாராட்டுகளில் இதைப்போல் நெஞ்சைக் கிழித்தது வேறில்லை.

வழக்கு வரும் என்று தெரிந்தவுடன், அதற்குரிய எதையும் யாரும் அழிக்கக்கூடாது என எல்லாத் துறைகளுக்கும் ஆணை விடுப்பது எங்கள் தொழிலின் மரபு. பதிவேடும் ஏடும் காக்கப்பட வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால் என் பேனாவுக்கு அடக்கம் தெரியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். "பேருந்து எண் 2214-இல் உள்ள எதையும், எப்பொருளாயினும், எந்நிலையிலும், எவரும் தொடவோ துடைக்கவோ நகர்த்தவோ நீக்கவோ கூடாது" என்று விபத்தன்றே முழங்கினேன். அதைப் படித்தவர் பணிமனை மேலாளர் வால்ட் கோவாக். வால்ட் எதையும் பாதி செய்யாத மனிதர். மில் தெருவில் நின்ற இடத்திலிருந்து அந்தப் பேருந்தை அவரே ஓட்டிவந்து, ஆறாம் எண் கொட்டகையில் நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டி, என் ஆணையைச் சட்டம்போட்டு முன்கண்ணாடியில் மாட்டினார். ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. சூன் மாதத்தில் பணிமனையிலிருந்து நாற்றம் குறித்து முதல் முறையீடு வந்தது. கூரைக்குள் ஏதோ ரக்கூன் பிராணி செத்துக் கிடக்கிறது என்று எண்ணிக் கட்டடப் பிரிவுக்கு அனுப்பினேன். கட்டடப் பிரிவினர் வந்து கூரையைப் பிரித்து, ரக்கூன் இல்லை என்று சான்றளித்து, கூரையை மூடாமல் போய்விட்டார்கள். சூலையில் இரண்டாம் முறையீடு. நாற்றத்தோடு மழையும் சேர்ந்துகொண்டதாக. ஆகஸ்டு மாதத்தில் இயந்திரப் பணியாளர்கள் மூக்கில் துணிக் கவ்வியோடு வேலை செய்தனர். அவர்கள் பேசுவது ஒருவருக்கும் புரியாமல் ஒரு வண்டிக்கு ஐந்தாவது சக்கரம் வந்து சேர்ந்தது. உங்கள் பிறந்தநாளன்று நான் அந்தச் சக்கரத்தைப் பற்றித்தான் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வெட்கப்பட்டே தொலைபேசியை எடுக்கவில்லை.

சென்ற திங்கட்கிழமை, விசாரணைக்கு முந்தைய நாள், கையில் ஒரு துரும்புகூட இல்லாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, தவறவிட்ட பொருள்கள் பிரிவின் ஓப்பல் அம்மையார் அடித்தளத்திலிருந்து மூச்சிரைக்க ஏறிவந்தார். பயணிகள் விட்டுச்செல்லும் குடைகளுக்கும் கைத்தடிகளுக்கும் பல்செட்டுகளுக்கும் முப்பது ஆண்டுகளாக அவரே அரசி.

"கண்ணு, இந்த முட்டைக்காரருக்கு நாலாவது தடவையா முடியாதுன்னு லெட்டர் அனுப்பணும். ஒரு கையெழுத்துப் போடு."

"எந்த முட்டைக்காரர்?"

"நீதானே மூணு தடவ போட்ட? சட்டத்துறை ஆணை இருக்கு, பொருளத் தர முடியாதுன்னு. படிக்காமயா போட்ட?"

படிக்காமல்தான் போட்டேன், அக்கா. நாளொன்றுக்கு நாற்பது தாள்களில் கையெழுத்திடுகிறேன். அன்று முதன்முறையாக அந்தத் தாளைப் படித்தேன். கோருபவர் பெயர்: கிளைடு ஹாப்வுட். நாள்: விபத்துக்கு மறுநாள். பொருள்: அறுபது முட்டைகள், இரண்டு அட்டைத் தட்டுகள். இருந்த இடம்: என் பக்கத்து இருக்கையில், ஒன்றன்மேல் ஒன்றாக, மூடாமல். பொருளின் நிலை: "ஒன்றுகூட உடையவில்லை. ஆம்புலன்சில் ஏறுமுன் நானே எண்ணிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் மீன் வறுவலுக்கு வேண்டும், விரைந்து தருக."

கவனியுங்கள். எழுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு மனிதர் பறவையாகப் பறக்கிறார். அவரருகே மூடியில்லாத தட்டில் அறுபது முட்டைகள் முனிவர்களாய் அமர்ந்திருக்கின்றன. ஒருவரோடொருவர் பேசாத இரண்டு துறைகள் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு, ஒன்று அவரை எதிர்த்தும், மற்றொன்று அவருக்கு மறுப்பு மடல் எழுதியும் ஆறு மாதங்களைக் கழித்திருக்கின்றன; இரண்டிலும் கையெழுத்து என்னுடையது.

பணிமனைக்கு ஓடினேன். வால்ட் மஞ்சள் நாடாவைத் தூக்கிப் பிடித்தார்.

"முட்டை இருக்கா, வால்ட்?"

"இருக்காவா? ஒவ்வொரு காலையிலும் கண்ணாடி வழியா எண்ணுறேன். அறுபது."

"ஓட்டிட்டு வரும்போது உடையலையா?"

"நடந்து போற கெழவியெல்லாம் என்ன முந்திட்டுப் போச்சு. ஒரு கெழவி திட்டிட்டே போச்சு. எதையும் நகர்த்தக்கூடாதுன்னு நீங்கதான எழுதுனீங்க?"

"நாற்றம்னு எழுதுனீங்களே, முட்டைன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே."

"அந்தப் படிவத்துல 'நாற்றம்'னு ஒரு கட்டந்தான் இருந்துச்சு. 'முட்டை'ன்னு கட்டம் இல்ல."

கதவைத் திறந்தார். அந்தக் காற்று வெளியே வந்தபோது நான் சட்டம் பயின்ற நாளை நொந்தேன். ஆனால் அதோ, மூன்றாம் வரிசை இருக்கையில், முப்பதின்மேல் முப்பதாக, கீறலின்றி, அறுபதும் இருந்தன. கண்ணீர் வந்தது. பாதி நன்றியால், மீதி கந்தகத்தால்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. நடுவர் மெரியம் அம்மையார் ஓய்வுபெற்ற நீதிபதி. சிரித்ததாக ஆவணம் ஏதுமில்லை. யோலாண்டா சீருடையை மடிப்புக் கலையாமல் அணிந்து, கைகளை ஓட்டும் வளையத்தைப் பிடித்ததுபோல் மடியில் வைத்து அமர்ந்திருந்தார். நான் எழுந்து படிவத்தைப் படித்து, வண்டி துள்ளி மனிதர் விழுந்திருந்தால் முட்டையும் உடைந்திருக்கும் என்று முழங்கினேன். ஹாப்வுட்டின் வழக்கறிஞர் முகம் வெளுத்தது. ஹாப்வுட் முகமோ பெருமிதத்தால் மலர்ந்தது.

"முட்டை அடுக்குறதுல என்ன மிஞ்ச ஆளில்ல. நான் அடுக்கினா பூகம்பம் வந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"நீங்க விழுந்தீங்க, முட்டை விழலையா?" என்றார் நடுவர்.

"ஒரு கையால பிடிச்சுக்கிட்டேன், அம்மா."

"ரெண்டு கையும் தரையில ஊனினதா மனுவில எழுதியிருக்கீங்களே. மூணாவது கையா?"

ஹாப்வுட் தம் கைகளைப் பார்த்தார். இரண்டுதான் இருந்தன. பிறகு, "ஷூ கயிறு தடுக்கியிருக்கலாம்," என்றார்.

பேருந்து துள்ளவில்லை, ஓட்டுநர்மேல் குற்றமில்லை என்று நண்பகலுக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. வெளியே யோலாண்டா சுவரில் சாய்ந்து நின்று, ஆறு மாதம் அடக்கிவைத்த மூச்சை விட்டார். பேருந்துக் கதவு திறக்கும்போது எழும் ஓசை எனக்கு நினைவுவந்தது.

"ரூலு எழுதுனவருக்கும் வேர்த்துச்சா, சார்?"

"நனைஞ்சு போச்சும்மா."

"வாங்க, வீட்டுல விடுறேன். இருபத்திரண்டாம் நம்பர்தான் எனக்கு இப்ப. மெதுவாத்தான் நிறுத்துவேன்."

ஏறினேன். மில் தெருவில் அவர் நிறுத்தியபோது, நின்றதே எனக்குத் தெரியவில்லை. இருக்கையில் அமர்ந்தபடியே என் மூன்று விபத்து விதியை மாற்றியெழுதத் தொடங்கினேன். குப்பை வண்டிகள் செய்யும் பிழை இனி ஓட்டுநர் கணக்கில் சேராது.

ஆகவே அக்கா, லெனார்டு அத்தானின் வழக்கறிஞர் அலுவலகத்தில் உயிலும் வீட்டுப் பத்திரமும் எழுத எனக்கென நீங்கள் காலியாக வைத்திருக்கும் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். என் இடம் இதுவே. வெற்றியின் பெருந்தன்மையில் 2214 மீதான ஆணையை நீக்கிவிட்டேன். ஹாப்வுட் தம் முட்டைகளை வந்து எடுத்துச்செல்லலாம் என்று ஓப்பல் அம்மையாரின் தாளில் இம்முறை முழுவதும் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் பரிசோடு, ஒரு மாதப் பழைய மன்னிப்போடு, உங்கள் வாசலில் நிற்பேன். உங்கள் முழங்கால் படியேறட்டும், அத்தானின் குருதியழுத்தம் படியிறங்கட்டும், உங்கள் வீட்டில் எந்நாளும் சிரிப்பு நிற்காமல் ஓடட்டும்.

என்றும் உங்கள் அடியொற்றும் தம்பி,
ரஸ்ஸல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வால்ட் பேசினார். ஹாப்வுட் வந்தாராம். இரண்டு தட்டுகளையும் தாமே தூக்கினாராம். அந்த மூடாத கூரையிலிருந்து வடிந்த நீரில் கால்வைத்து மல்லாந்துவிட்டாராம். அங்கே கேமரா நன்றாக வேலை செய்கிறது. அறுபது முட்டையும் உடைந்துவிட்டன; எனவே, செவ்வாயன்று நானே முழங்கிய வாதத்தின்படி, மனிதர் இம்முறை உண்மையாகவே விழுந்திருக்கிறார். "பயப்படாதீங்க வக்கீலே, நான் எதையும் தொடல," என்றார் வால்ட். "அவரைத் தூக்கிவிட்டீங்களா?" என்றேன். "எதையும் தொடலன்னேனே. நாடா கட்டியாச்சு. நீங்க எழுதிக் குடுத்தாத் தூக்குறேன்," என்றார். நான் ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வர இயலாது. அந்த நாற்காலியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.