பேர்ளியின் நேர்முகப் பரீட்சைக்கு நானும் போனது

மடு மாதா துணை

லா ஷப்பல், பாரிஸ்
16.02.1986, ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய ஸ்ரனிஸ்லாஸ் அத்தானுக்கு,

மைத்துனன் மடுத்தீன் பணிவுடன் எழுதுவது. இங்கு நான், அற்புதராணி, மகள் பேர்ளி மூவரும் சுகம். அங்கு அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் உங்கள் இருமல் நின்றிருக்கும் என்றும் நம்பி எழுதுகிறேன். இருமல் நிற்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டாம். நின்றிருந்தாலும் வேண்டாம். போன கடிதத்தை நீங்கள் கோயில் முற்றத்தில் நின்று வாசித்ததாக மூன்று பேர் எனக்குத் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். இதை அக்காவுக்கு மட்டும், கதவைச் சாத்திவிட்டு வாசியுங்கள்.

விஷயம் இதுதான். பேர்ளி அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். நூறு பேர் கேட்டால் பத்துப் பேருக்குக்கூட இடம் கொடுக்காத கல்லூரியாம். அவளுடைய ஆங்கில ஆசிரியை ஜிஸ்லேன் மடம்தான் பிடிவாதமாக நின்று போடச் செய்தவர். இடம் கிடைத்தால் செலவு முழுவதையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். அங்கே போய் மொழிகள் எப்படி உண்டாகின்றன, எப்படி மாறுகின்றன என்று படிக்கப் போகிறாளாம். டொக்டர் படிப்பு இல்லை. இதை அக்காவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

போன மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. பாரிஸில் இருக்கும் மரி-லூயிஸ் என்ற அம்மையார் பேர்ளியைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். "அந்தக் கல்லூரியிலை முந்திப் படிச்சவ, பப்பா. என்னோடை கதைச்சுப்போட்டுக் கல்லூரிக்கு எழுதுவா" என்றாள் பேர்ளி. எனக்கு விளங்கவில்லை. நீங்கள் பதினொரு வருசம் பழைய மாணவர் சங்கச் செயலாளராக இருந்தீர்கள். உங்கள் சங்கம் வருசத்தில் ஒருநாள் கூடும், ஆட்டிறைச்சிக் கறி சாப்பிடும், வரிசையாக நின்று படம் எடுக்கும், அடுத்த தலைவர் யார் என்று சண்டை பிடிக்கும். புதிதாக யாரைச் சேர்ப்பது என்று உங்களை யாராவது ஒருநாள் கேட்டார்களா? அமெரிக்காக்காரருக்குத்தான் பழைய மாணவர்களின் அருமை தெரியும் போலிருக்கிறது.

அத்தான், நேர்முகப் பரீட்சை என்றால் எங்களுக்கு ஒன்றுதான் தெரியும். அகதி விண்ணப்பத்துக்காக மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பதில் சொல்வது. அதில் பெரிய அனுபவஸ்தர் எங்கள் வாமதேவன். ரூ பெர்தொனே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இதுவரை இருபது பேரைப் பழக்கி அனுப்பியவர். பேர்ளியை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவளை இருத்தி, தான் ஒரு பருப்பு மூட்டையில் அதிகாரி மாதிரி ஏறியிருந்தார்.

"உன்ரை நாட்டை விட்டு ஏன் வெளிக்கிட்டனீ?" என்று கேட்டார்.

"அங்கிள், இது அந்த இன்டர்வியூ இல்லை."

"எல்லா இன்டர்வியூவும் ஒண்டுதான், பிள்ளை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூடக் கதைச்சியோ மாட்டுவாய். திகதி மாறக்கூடாது. பிழை விட்டனான் எண்டு ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதை."

பேர்ளி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பிறகு பைல் கட்டினேன். பேர்ளியின் பிறப்புப் பத்திரம், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவருக்கு அந்த உரிமை உண்டு என்பதற்கான கடிதம், மூவருடைய அகதி அட்டைகள், தடுப்பூசி அட்டை, பங்குச் சுவாமியார் தந்த நற்சாட்சிக் கடிதம், கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த படம். மூன்று வருசத்துக்கு முன் எடுத்த தன் நெஞ்சு எக்ஸ்ரேயையும் அற்புதராணி கொண்டுவந்து வைத்தாள். "இது உன்ரையல்லோ" என்றேன். "உள்ளுக்கை பார்த்தால் எல்லாரும் ஒண்டுதான், கிடக்கட்டும்" என்றாள்.

எட்டாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, இங்கே பாரிஸிலேயே மொன்சோவில் உள்ள அம்மையார் வீட்டில் சந்திப்பு. தான் தனியாகப் போவதாகப் பேர்ளி சொன்னாள். அமெரிக்காவுக்குப் போகலாம், மொன்சோவுக்குத் தனியாகப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வாமதேவனின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டேன். அவர் என்னைவிட ஒரு சாண் கட்டை என்பது மெட்ரோவில் மேலே பிடிக்கக் கையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது.

வீடு ஐந்தாம் மாடி. லிப்டுக்குள் ஒன்றரை ஆள்தான் கொள்ளும். பேர்ளியை அதில் அனுப்பிவிட்டு நானும் பைலும் படியால் ஏறினோம். நான் போய்ச் சேர்ந்த கோலத்தைப் பார்த்து அந்த அம்மையார் முதலில் என்னை இருத்தி, தண்ணீர் தந்து, நாடி பிடித்துப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தலை. நேர்முகப் பரீட்சையில் முதலில் பரிசோதிக்கப்பட்டவன் நான்.

மூச்சு வந்ததும் பைலை நீட்டினேன். "இவை ஒன்றும் தேவையில்லை, மெசியூ" என்றார். அத்தான், நான் பைலை இன்னும் கிட்ட நீட்டினேன். எங்கள் அனுபவத்தில் கடதாசி தேவையில்லை என்று ஓர் அதிகாரி சொன்னால், முடிவை ஏற்கெனவே எழுதிவிட்டார் என்றுதான் அர்த்தம்.

என்னைப் பக்கத்து அறையில் இருத்தினார்கள். கதவு பாதி திறந்திருந்தது. ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு இடையில் பிரெஞ்சுக்கு மாறியது. ஏழு வருசம் கோப்பை கழுவிய குசினியில் நான் பொறுக்கிய பிரெஞ்சு, ஒட்டுக்கேட்கப் போதும். ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று அம்மையார் கேட்டார். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களோடு ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் போய் மொழிபெயர்ப்பேன், சும்மா இருந்தால் அகராதி வாசிப்பேன் என்றாள். அகராதியை யாராவது வாசிப்பார்களா என்று எனக்கே புதுமையாக இருந்தது. அடுத்ததாக, "நீ செய்த பிழை ஒன்றைச் சொல்" என்றார்.

வாமதேவன் சொன்ன கண்ணி இதுதான்! நான் பாய்ந்து போய்க் கதவில் நின்றேன். "பிழையே இல்லை, மடம்! ஒருநாளும் இல்லை!"

"பப்பா, போய் இருங்கோ!"

போய் இருந்தேன். உள்ளே பேர்ளி சொல்லத் தொடங்கினாள். இரண்டு வருசத்துக்கு முன் வெந்நீர்க் குழாய் உடைந்தபோது வீட்டுக்காரரை நான் வெருட்டித் திருத்துவித்தேன் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேன் அல்லவா? அந்தக் கதை. உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பேன், உன் குடும்பம் தண்ணீருக்கு அலையும் என்றெல்லாம் நான் கத்த, பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவள் இவள்தான். அவள் வீட்டுக்காரரிடம் சொன்னது இவ்வளவுதானாம்: "என் அப்பா உங்கள் குடும்பத்தின் சுகத்தை விசாரிக்கிறார். என் அம்மா குளிர் தண்ணீரில் குளித்துக் காய்ச்சலாகக் கிடக்கிறார்." அடுத்தநாள் ஆள் வந்து குழாயைத் திருத்தினார்.

"அப்பா என்னை நம்பித்தான் பேசினார். அவர் சொன்னதை நான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அது என் பிழை. அவருக்கு இன்றுவரை தெரியாது" என்றாள்.

"இப்ப தெரியும்" என்றேன், பக்கத்து அறையிலிருந்து.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். திரும்பவும் அப்படி நடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். "அவர் சொன்னதை அப்படியே சொல்வேன். என் கருத்தைப் பிறகு தனியாகச் சொல்வேன். வெந்நீர் வர இன்னும் ஒரு கிழமை பிடித்திருக்கும்" என்றாள்.

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டு, மகள் இவ்வளவு தூரம் போவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் கொப்பியில் பாடமாக்கி வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. வாய் திறந்ததும் பழக்கதோசத்தில் பிரான்சுக்கு வந்து இறங்கிய திகதி வந்தது. அதற்குப் பிறகு, நான் நினைத்தே இராத ஒன்று வந்துவிட்டது. "இவள் போனால் எங்களுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை யார் வாசிப்பது, மடம்?"

பேர்ளி தலையைக் குனிந்தாள். அம்மையார் கொப்பியில் எதையோ எழுதினார். தேத்தண்ணீர் தந்தார், கை கொடுத்தார், படியில் மெதுவாக இறங்கச் சொன்னார்.

திரும்பும்போது மெட்ரோவில் பேர்ளியைக் கேட்டேன்.

"பிள்ளை, நான் எல்லாத்தையும் கெடுத்துப்போட்டன், என்ன?"

"நீங்கள் உண்மையைத்தானே சொன்னனீங்கள்."

அந்தப் பதில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை. உண்மைதான். ஆனால் பிள்ளையைப் பிடித்துவைக்கிற உண்மை. பங்குக் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்குப் பின்னேர பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. திங்கட்கிழமை போய்ப் பெயர் கொடுத்தேன். பதினொரு பேர். நாற்பத்தாறு வயதில் நான்தான் மூத்தவன். இரண்டு வகுப்பு முடிந்துவிட்டது. நேற்று ஒரு கடிதம் வந்தபோது நானே பிரித்தேன். பத்துச் சொல்லில் மூன்று விளங்கியது. பேர்ளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உதவவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

முடிவு சித்திரையில் வரும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பழைய மாணவர் சங்கச் செயலாளர் என்ற முறையில் அந்த அம்மையாருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். தகப்பன் குறுக்கே விழுந்ததை மகளின் குறையாக எடுக்கவேண்டாம் என்று, உங்கள் நல்ல ஆங்கிலத்தில், சங்க முத்திரை குத்தி. மறுக்காதீர்கள். பிள்ளையின் எதிர்காலம் முழுக்க இப்போது அந்த ஒரு மணித்தியாலத்தில் தொங்குகிறது.

அக்காவுக்கு எங்கள் முத்தங்கள். உங்கள் வீட்டு வாசலில் நல்ல செய்தியோடு மட்டுமே தபால்காரர் மணி அடிக்க மாதா அருள் புரியட்டும்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
மடுத்தீன்

பி.கு.: அத்தான், அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம். நான் இதை ஒட்டப் போகும்போது, சந்திப்பு எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டு ஜிஸ்லேன் மடம் வந்தார். அது கட்டாயமே இல்லையாம். விரும்பினால் போகலாம், போகாவிட்டால் ஒரு குறையும் இல்லையாம். அம்மையாரின் கடிதத்திலேயே அப்படித்தான் இருந்ததாம். அவர் போனபின் பேர்ளியைக் கேட்டேன்.

"உனக்கு இது தெரியுமே?"

"ஓம்."

"பிறகேன் போனனீ?"

"எங்கை போனாலும் அம்மாவுக்கு என்ன வருத்தம், எங்கை நோகுது, உங்கடை பேப்பர் எங்கை, அந்த மாமி என்ன சொல்லுறா எண்டுதான் என்னட்டைக் கேக்கினம், பப்பா. என்னைப் பற்றிக் கேக்க ஒராள் கூப்பிட்டா. கட்டாயமில்லாமல் கூப்பிட்டா. அதுதான் போனனான்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அற்புதராணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவளுக்கு முன்னால் இருந்து, "சரி, எனக்கும் சொல்லு. அந்த அகராதியிலை அப்பிடி என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். பேர்ளி சொல்லிக்கொண்டே இருக்கிறாள், இன்னும் முடியவில்லை. நானும் கேட்க வேண்டும். ஆகையால் இத்துடன் நிறுத்துகிறேன்.