‘ம்’ என்கிற முத்திரை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் ஆசை; ஹால் இன்னும் காயவில்லை.

உங்கள் மகள் கோபித்துக்கொண்டு அங்கே வந்ததற்கு என் ஆபீஸ்தான் காரணம். நான் டிரைவர் வேலை பார்ப்பதாக அத்தை எல்லாரிடமும் சொல்கிறார்களாம். இந்த டிரைவர் வண்டி ஓட்டுகிறவர் இல்லை மாமா, நான் எழுதுவது கம்ப்யூட்டரையும் நெட்வொர்க் கார்டையும் பேசவைக்கிற புரோகிராம். அது வழியாகப் போகிற பாக்கெட்டுகள், அதாவது தகவல் பொட்டலங்கள், நடுவழியில் காணாமல்போயின. தபாலாபீசில் இருந்த உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பாக்கெட் கடக்கும்போது முத்திரை குத்துகிற இடத்துக்கு டிரேஸ்பாயிண்ட் என்று பெயர். பொதுவானவை முன்பே இருக்கின்றன: வந்தது, போனது, அவ்வளவுதான் சொல்லும். உள்ளே நடப்பது தெரிய நாமே சொந்தமாகவும் வைக்கலாம். “இருக்கிறதை வச்சே முதல்ல பாருப்பா, எல்லாருக்கும் புரியும்” என்றார் மேலாளர். நான் கேட்டேனா? மூலைக்கு மூலை சொந்த முத்திரை வைத்தேன். குத்தவே நேரம் போதாமல், ஒழுங்காகப் போன பாக்கெட்டும் தொலைந்தது.

அதே புத்தியோடு வீட்டுக்கு வந்தேன். “எதைச் சொன்னாலும் ஒரு ‘ம்’! உள்ள போகுதா இல்லையா?” என்றாள் உங்கள் மகள். நியாயம்தானே மாமா, ‘ம்’ பொது முத்திரை. சேதி காதுக்கு வந்ததைச் சொல்லும், உள்ளே போனதைச் சொல்லாது. உடனே இங்கேயும் சொந்த முத்திரைகளை வைத்தேன். “குழாயை மூடுங்க” என்றாள். “காதில் விழுந்தது” என்றேன். “மூளைக்குப் போகிறது” என்றேன். “குழாய் புரிந்தது, மூடுவது வரிசையில் நிற்கிறது” என்று நான் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஹாலுக்கு வந்து, நீங்கள் வாங்கித் தந்த மெத்தையையும் ஒரு கை பார்த்துவிட்டது. “அந்த ‘ம்’மே தேவலை!” என்று பெட்டியைத் தூக்கினாள்.

அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது மாமா. ஆபீஸில் சொந்த முத்திரைகளைப் பிடுங்கிவிட்டு, டிரைவரிடமிருந்து நெட்வொர்க் கார்டுக்குப் பாக்கெட் கைமாறுகிற இடத்தில் மட்டும் ஒன்றை விட்டேன். கோளாறு அங்கேயே சிக்கியது. வீட்டிலும் இனி அப்படியே. பொதுவுக்கு ‘ம்’, கூடவே அவள் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுவேன். இனி அவள் பேச்சில் ஒரு சொல்கூடத் தொலையாது, சத்தியம். நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவையுங்கள். அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட மாப்பிள்ளை

பி.கு.: இதைத் தபாலில் போடக் கதவைத் திறந்தால், பெட்டியோடு உங்கள் மகள்! “ஸ்டேஷனுக்கு வாங்கன்னு போன்ல சொன்னேனே?” நான் இந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பேசினாளாம். ‘ம்’ என்றேனாம். அதே பெட்டியோடு மறுபடி அங்கே கிளம்பிவிட்டாள். கடிதத்தையும் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு ‘ம்’ போடுங்கள்.