சாம்பல் பேன்ட்டும் ஆறு பாஸ்போர்ட்டும்

அறிவுரை எழுதுகிறவர்களோடு பயணம் கிளம்பாதீர்கள். இதுவும் ஓர் அறிவுரைதான் என்பது எனக்குத் தெரிகிறது. இருபத்தேழு வருடம் ஒரு நாளிதழுக்குக் காரைக்கால் செய்தியாளனாக இருந்தவனுக்கு வேறு பாஷை வராது. "பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்" என்று நான் முடித்த செய்திகளை மட்டும் அடுக்கினால் எங்கள் வீட்டு பீரோ உயரத்துக்கு வரும். அந்தப் பொதுமக்களில் நானும் ஒருவன் என்பது சில வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை, திருநள்ளாற்றில் ஈரத் துணிக் குவியல் ஒன்றின் நடுவே எனக்குத் தெரியவந்தது.

காரைக்கால் கடற்கரைச் சாலையில் தினமும் காலையில் நடக்கிற ஆறு பேர் நாங்கள். நான், என் மனைவி வளர்மதி, மருந்துக்கடை ஜபருல்லா பாய், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவருடைய மனைவி, மண்டபத்தூர் கலியபெருமாள். கலியபெருமாள் நாற்பது வருடம் கடலுக்குப் போய், முழங்கால் மறுத்த பிறகு படகை மகனிடம் கொடுத்தவர். டாக்டர் சொன்னதற்காக அவர் நடந்தார். நாங்கள் பேசுவதற்காக நடந்தோம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் எங்கள் பேச்சும் அந்தப் பக்கம் திரும்பியது. கப்பலில் யாழ்ப்பாணம், அங்கிருந்து படகில் நயினாதீவு, நெடுந்தீவு, மூன்று இரவு தங்கல், திரும்பிவிடுவது. எங்கள் ஐந்து பேருக்கு அது சுற்றுலா. கலியபெருமாளுக்கு அது தீர்க்க வேண்டிய வேண்டுதல்.

பத்து வருடத்துக்கு முன் நடுக்கடலில் அவர் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. நீரோட்டம் எல்லைப் பக்கம் இழுத்தது. நயினாதீவு அம்மனுக்கு வெள்ளியில் ஒரு படகு செய்து தருவதாக வேண்டிக்கொண்டார். காற்று திரும்பியது. கரைக்கு வந்ததும் விரல் நீளத்தில் வெள்ளிப் படகு செய்துவிட்டார். கொண்டுபோகத்தான் வழியில்லை.

"அந்தப் பக்கத்து வெளக்கெல்லாம் எத்தனையோ நாள் பாத்திருக்கேன் சார். கால் வச்சதில்ல. வச்சா புடிச்சிருவான்ல? பாஸ்போர்ட்டோட போய் நிக்கணும், நானும் ஒரு மனுசன்தான்னு."

பாஸ்போர்ட்டுக்கு அவர் பட்ட பாடு தனிக் கதை. ரேஷன் கார்டில் கலியபெருமாள், பள்ளிச் சான்றிதழில் கலியமூர்த்தி, வாக்காளர் அட்டையில் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மாமனார். எல்லாவற்றையும் ஒரே மனிதனாக்க இரண்டு வருடம் ஆனது.

பயணத்துக்குத் தலைவர் யார் என்ற கேள்வி எழவில்லை. எழுவதற்கு முன்பே நான் தலைவனாகிவிட்டேன். (வளர்மதி பாஷையில், "யாரும் கேக்கல, இவரா உக்காந்துகிட்டாரு.") முதல் வேலையாக இருபத்தொரு விதிகளைத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். முதல் விதி: பாஸ்போர்ட் எந்நேரமும் உடலைவிட்டுப் பிரியக் கூடாது. பதினான்காம் விதி: கப்பலில் தலைசுற்றினால் அடிவானத்தையே பார்க்க வேண்டும். இருபத்தொன்றாம் விதி: ஆவணம் சரியில்லாத உறுப்பினருக்காகக் குழு காத்திருக்காது.

கடைசி விதியை நான் கலியபெருமாளை மனத்தில் வைத்துத்தான் எழுதினேன். இன்று அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கலியபெருமாள் தாளைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் படித்துவிட்டுக் கேட்டார்.

"சார் எத்தனை தடவை கடலுக்குப் போயிருக்கீங்க?"

"அரசலாற்றுல படகு சவாரி போயிருக்கேன்."

"அது ஆறுங்க."

பாதுகாப்பு கருதி ஆறு பாஸ்போர்ட்டுகளையும் நானே வைத்துக்கொள்வதாக அறிவித்தேன். மற்றவர்கள் உடனே கொடுத்துவிட்டார்கள். கலியபெருமாள் மட்டும் மஞ்சள் பைக்குள் துணி, துணிக்குள் பேப்பர் என்று மூன்று உறை பிரித்து எடுத்தவர், கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எங்கிட்டயே இருக்கட்டுமே சார். எங்க வீட்டு சாமி மாடத்துல, வெள்ளிப் படகு பக்கத்துல வச்சுக்கறேன்."

"எலி கடிச்சா?" என்றேன். "பூனை தூக்கிட்டுப் போனா? நீங்க எதையாவது எங்கயாவது வச்சுட்டுத் தேடுற ஆளு. கொடுங்க."

கொடுத்தார்.

அன்றே எங்கள் தெருத் தையல்காரரிடம் போய், என்னுடைய பழைய சாம்பல் நிறப் பேன்ட்டின் உட்புறம், இடுப்புப் பட்டிக்குக் கீழே ஒரு ரகசியப் பை தைக்கச் சொன்னேன். "வெளியே இருந்து பார்த்தா ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது." அவர் தொழில் தெரிந்தவர். தைத்து முடித்த பிறகு எனக்கே ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று வாங்கினேன். அதில் ஐந்து பாஸ்போர்ட்தான் பிடித்தது. என்னுடையதைச் சாதாரண கேரி பேக்கில் சுற்றி வெளியே செருகினேன். தலைவனுடைய தியாகம் என்று அதற்கு அப்போது பெயர் வைத்தேன். முதல் விதிப்படி அடுத்த மூன்று நாளும் அந்தப் பேன்ட்டிலேயே திரிந்தேன். உட்காரும்போதெல்லாம் வயிற்றில் ஒரு செங்கல் இருப்பதுபோல் இருந்தது.

கப்பல் சனிக்கிழமை. இதை நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். வளர்மதி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்கு ஏழரை நடக்குது. சனிக்கிழமை, கடல்ல, அதுவும் மத்தவங்களையும் கூட்டிக்கிட்டு. உங்களால அஞ்சு பேருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் இதையெல்லாம் நம்பறதில்லைன்னு உனக்குத் தெரியும்."

"நீங்க நம்ப வேண்டாம். குளிச்சிட்டு வாங்க, போதும்."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். திருநள்ளாற்றில் நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டால் சனியின் பீடை துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. ஊர் ஊராக வந்து விடுவார்கள். ஐந்து கிலோமீட்டரில் இருக்கிற நாங்கள் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்ப்போம். நான் இன்னும் ஒரு படி மேலே போய், விட்ட துணிகளில் சாவி, செல்போன் எல்லாம் தவறிப் போவதைப் பற்றிப் பெட்டிச் செய்தி எழுதியிருக்கிறேன். "துணியை விடும் முன் பைகளை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது" என்று அது முடியும்.

யாருக்கும் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். கூட்டம் இல்லாத வியாழக்கிழமை, ஐந்தரை மணிக்கெல்லாம் குளத்தில் இருந்தேன். விட்டுவிட வேண்டிய பழைய துணியைத்தானே உடுத்திப் போக வேண்டும்? என்னிடம் இருந்ததிலேயே பழையது அந்தச் சாம்பல் பேன்ட்தான். மூன்று நாளாக அது உடம்பின் பகுதியாகவே ஆகிவிட்டதால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வயிற்றில் செங்கல் இல்லாமல் இருந்திருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும்.

நல்லெண்ணெயைத் தலையில் வைத்தேன். முழுகினேன். எழுந்தபோது படியில் நின்றிருந்த எண்ணெய்க்கடை அம்மா உரக்கக் கூப்பிட்டார்.

"அய்யே, பேப்பர்காரர் சாரா? நீங்களா இங்க? துணி விடுறதைக் கிண்டல் பண்ணி எழுதினீங்களே!"

குளத்திலிருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் வேகமாக நடந்தது. துண்டைச் சுற்றினேன், பேன்ட்டை உருவினேன், சட்டையோடு சேர்த்துச் சுருட்டினேன், துணி போடும் தொட்டியில் எறிந்தேன், வேட்டியைக் கட்டிக்கொண்டு நடந்தேன். எண்ணெய்க்கடை அம்மா பின்னாலிருந்து, "திரும்பிப் பாக்காம போங்க சார்!" என்றார். என் வாழ்நாளில் ஒரு சடங்கை இவ்வளவு சுத்தமாக நான் நிறைவேற்றியதில்லை.

வீட்டுக்கு வந்து ஆறு இட்லி சாப்பிட்டேன். உடம்பு லேசாக இருந்தது. "பாத்தியா, பீடை போனா எப்படி இருக்கு" என்று வளர்மதியிடம் வேறு சொன்னேன்.

எட்டரை மணிக்குக் கலியபெருமாள் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணுமில்ல சார். ராத்திரி ஒரு மாதிரி இருந்துச்சு. என் பாஸ்போர்ட்ட ஒருதரம் பாத்துட்டுத் தந்துடறேன்."

நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டே இடுப்பைத் தட்டினேன். வேட்டி. இன்னொரு முறை தட்டினேன். இரண்டாவது தட்டலில் என் முகத்தை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"என்ன சார்?"

சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருசம் சார்," என்றார்.

ஸ்கூட்டரில் இருவரும் திருநள்ளாற்றுக்குப் போனோம். தொட்டி காலியாக இருந்தது. துணிகளை அள்ளிக்கொண்டு போய்ப் பிரிக்கிற கொட்டகை ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே எங்கள் இடுப்பு உயரத்துக்கு ஈரத்துணி. நல்லெண்ணெய் வாடை கண்ணைக் கரித்தது. மேற்பார்வையாளர் ஒருவர் நாற்காலியில் இருந்தார்.

"விட்ட துணியத் திருப்பிக் கேக்கறீங்களா? அதோட சேத்து மத்ததும் உங்ககூட வந்துரும், பரவாயில்லயா?"

"பாஸ்போர்ட் இருக்குங்க அதுல. ஆறு."

அவர் பின்னால் சுவரைக் காட்டினார். மஞ்சள் பூத்த ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. "பேப்பர்லயே போட்டிருக்கான் பாருங்க, பைய சோதிச்சுப் பாருங்கன்னு. படிச்சவங்கதானே, இதையெல்லாம் படிக்க மாட்டீங்களா?"

நான் துணிக் குவியலைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

"எழுதினதே இவருதாங்க," என்றார் கலியபெருமாள்.

துணி பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். ஒரு பெண், "பேன்ட் என்ன கலருங்க?" என்று கேட்டாள். சாம்பல் என்றேன். அவள் குவியலைப் பார்த்தாள். தமிழ்நாட்டு ஆண்களில் பீடை பிடித்தவர்கள் எல்லாரும் சாம்பல் பேன்ட்தான் போடுவார்கள் என்பதை அன்று கண்டேன்.

நான் ஒவ்வொன்றாக எடுத்து உட்புறம் திருப்பி ரகசியப் பையைத் தேடினேன். தையல்காரரின் திறமையை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். இருபது பேன்ட் முடிவதற்குள், பார்த்ததையே மறுபடி பார்க்கிறேனோ என்ற சந்தேகம் வந்துவிட்டது.

கலியபெருமாள் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தள்ளுங்க சார்" என்றார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, ஒவ்வொரு பேன்ட்டாகப் பிடித்து ஒரு சாண் தூக்கினார், விட்டார். தூக்கினார், விட்டார். பையைப் பார்க்கவே இல்லை. வாசல் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"வலையத் தூக்கையிலேயே மீனு கெடக்கா இல்லியான்னு கைக்குத் தெரியும் சார். கண்ணால தேடினா விடிஞ்சிரும்."

முக்கால் மணி நேரம். அவர் கை ஓரிடத்தில் நின்றது. இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"கெடக்கு," என்றார்.

ஜிப் கவரில் இருந்த ஐந்தும் நனையாமல் இருந்தன. அவர் தன்னுடையதை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்து, சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் பேன்ட்டைக் கொடுக்க மறுத்துவிட்டார். விட்டது விட்டதுதானாம்.

கேரி பேக்கில் இருந்த என்னுடைய பாஸ்போர்ட் நல்லெண்ணெயில் ஊறிய தோசை போல இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். வெள்ளிக்கிழமை நான் அதற்கு இஸ்திரி போட்டேன். புகைப்படப் பக்கம் சுருண்டு, என் முகம் யாரோ கிள்ளியதுபோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை நாகப்பட்டினம் துறைமுகத்தில் அதிகாரி அதை இரண்டு விரலால் பிடித்தார். மோந்து பார்த்தார்.

"நல்லெண்ணெயா சார்?"

"ஆமாங்க."

"புதுசு எடுத்துட்டு வாங்க. இதுல அனுப்ப முடியாது."

வரிசையிலிருந்து விலகி வந்தேன். ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். ஜபருல்லா பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருபத்தொண்ணாவது விதி என்ன சார்?" என்று கேட்டார். தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி வாசித்தார். "ஆவணம் சரியில்லாத உறுப்பினருக்காகக் குழு காத்திருக்காது."

நான் வளர்மதியைப் பார்த்தேன். "நீ போயிட்டு வா" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். நீங்க இல்லாம நான் மட்டும் எப்படி என்று அவள் சொல்லும் இடம் அது.

"சரி," என்றாள். "பிரிட்ஜ்ல சாம்பார் இருக்கு."

ஐந்து பேரும் தடுப்புக்கு அப்பால் நடந்தார்கள். பாதி தூரத்தில் வளர்மதியின் நடை கொஞ்சம் தளர்ந்தது. தலை இலேசாகத் திரும்பப் போனது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த கலியபெருமாள், வெள்ளிப் படகு இருந்த மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி, எனக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நேரா பாத்துப் போ தங்கச்சி. விட்டதத் திரும்பிப் பாக்கக் கூடாது."

அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று அன்று முழுக்க நம்பினேன்.

வெள்ளிப் படகு அம்மனிடம் போய்ச் சேர்ந்தது. அதன் படத்தைக் கலியபெருமாள் எல்லாருக்கும் அனுப்பினார். நான் புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன். அது எங்கள் வீட்டில் இல்லை. மண்டபத்தூரில், கலியபெருமாள் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது. இன்றும் கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும், திரும்பும்போது நான் செருப்பைத் தேடிக்கொண்டு பின்தங்கினால், என் மச்சினன் மகள் வரைக்கும் வேன் ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்லிவிடுகிறாள்.

"வண்டிய எடுங்க. யாரும் திரும்பிப் பாக்காதீங்க!"