அக்கா கல்யாணமும் ஆறாவது சக்கரமும்

எதையும் நேரில் பார்க்காமலேயே அதைப் பற்றி அடித்துப் பேசுகிற ஆள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பதவி என்னுடையது. இருபது வயதில் உலகத்தின் கார்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒன்றின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை. டாங்கிகளும் அத்துப்படி, ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு என் சொந்த அக்காவின் கல்யாணத்தை நான்கு நாள் நிறுத்தி வைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்தில். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் குடும்பத்தில் முதலில் நிலம் வாங்கியவர் என் அப்பா, அதாவது நைனா, முதலில் காலேஜ் போனவன் நான். திருப்பதியில் பி.எஸ்ஸி. படித்தேன் என்று மார்க் ஷீட் சொல்கிறது. உண்மையில் நான் படித்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். ஆறு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, நிறைய கேம்கள்.

முதன்முதலாக அங்கே ஒரு கார் ரேஸ் ஆடியபோது நான் ஜெயிக்கவே முயற்சி செய்யவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மற்ற கார்கள் போவதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் ஊர் ரோட்டில் அம்பாசிடர், ஜீப், ஷேர் ஆட்டோ மூன்றுதான் ஓடும். இங்கே ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. 'இதெல்லாம் சும்மா வரைந்ததுதானே' என்று கேட்டேன். பக்கத்து சீட்டு மாணவன் ஒருவன், பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள், இந்த வண்டிகள் நிஜமாகவே எங்கேயோ ஓடுகின்றன என்றான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கேயோ ஓடுகிறதா? அப்படியானால் கண்டுபிடித்தே தீரவேண்டும்.

பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளைப் புரட்டினேன். விளையாட்டில் வரும் வண்டியின் விளக்கு, கதவு, பின்பக்கம் எல்லாம் நோட்டில் வரைந்து, இது இன்ன கார் என்று எழுதினேன். லீவு நாளில் மலையடிவாரத்து அலிபிரிக்குப் போவேன். திருமலைக்குப் போகும் கார்களை அங்கே சோதனைக்காக வரிசையில் நிறுத்துவார்கள். புதுப்புது கம்பெனிக் கார்கள் நம் நாட்டுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வந்த அத்தனையும் அந்த வரிசையில் நிற்கும். கேமில் பார்த்த ஒரு காரை அங்கே நிஜமாகப் பார்த்த அன்று, காருக்குள் இருந்தவர்கள் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள், நான் காரைப் பார்த்துக் கும்பிட்டேன். (பெருமாள் மன்னிக்கட்டும்.)

கார் முடிந்து டாங்கிக்குத் தாவியிருந்த சமயத்தில்தான் கௌரி அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை தயாளன், நாகலாபுரத்துக்குப் பக்கம். பட்டாளத்தில் டாங்கி ஓட்டுகிறாராம், ஒரு மாத லீவில் வந்திருக்கிறாராம். தரகர் ஒரு போட்டோ கொடுத்தார். பாலைவன மணலில் ஒரு டாங்கி, அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளை.

எங்கள் பக்கத்தில் வரன் வந்தால் யாராவது ஒருவர் மாப்பிள்ளை ஊருக்குப் போய் விசாரிக்க வேண்டும். டீக்கடையில் உட்கார வேண்டும், சலூனில் பேச்சுக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணை 'மிலிட்டரி மாப்பிள்ளை'க்குக் கொடுத்து, அவர் ஒரு குடோன் வாட்ச்மேன் என்று பிறகு தெரிந்து எல்லோரும் நொந்துபோயிருந்தார்கள். அதனால் நைனா என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்சவன். நாகலாபுரம் போயி நல்லா விசாரிச்சிகினு வா" என்றார்.

நான் போகவில்லை. எதற்கு இரண்டு பஸ் மாறி டீக்கடையில் உட்கார வேண்டும்? போட்டோவை எடுத்துக்கொண்டு நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனேன். டி-72 என்று தரகர் சொல்லியிருந்தார். கேமில் அதே பெயரில் டாங்கி இருந்தது. பக்கவாட்டில் நிறுத்தி சக்கரத்தை எண்ணினேன். ஐந்து. போட்டோவில் எண்ணினேன். ஆறு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பித்தலாட்டம்! எங்கேயோ காட்சிக்கு வைத்திருந்த பழைய டாங்கிப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கிறார்!

இதை அன்றைக்கே நைனாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோர்ட்டில் கடைசி சாட்சியைக் கொண்டுவரும் வக்கீல் மாதிரி பெண் பார்க்கும் நாள்வரை பத்திரமாக வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பெரியப்பாவும் தரகரோடு வந்தார்கள். அக்கா காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். முகத்திலேயே தெரிந்தது, அவளுக்குப் பிடித்துவிட்டது. பெரியவர்கள் நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுக்கப் போகும்போது நான் தொண்டையைச் செருமினேன்.

"உங்க டாங்கிக்கு எத்தினி சக்கரம்?"

மாப்பிள்ளை சிரித்தார். "ஒரு பக்கத்துக்கு ஆறு."

"தப்பு. டி-72க்கு அஞ்சுதான்."

"இல்லப்பா. நான்தான அதுக்கு கிரீஸ் வெக்கிறன்."

"நான் தெனமும் பாத்துகினு கீறன். அஞ்சுதான்."

"எங்க பாக்கிற?"

"திருப்பதில."

மாப்பிள்ளையின் பெரியப்பா நைனாவைப் பார்த்தார். "திருப்பதிக்கு டாங்கி எப்போ வந்துச்சு?"

நான் போட்டோவை நடுவில் வைத்து, வாட்ச்மேன் கதையையும் ஞாபகப்படுத்தினேன். நைனா என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். காலேஜுக்கு அனுப்பிய மகனை நாலு பேர் முன்னால் எப்படி நம்பாமல் இருப்பது? "யோசிச்சி சொல்றோம்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். சம்பந்தம் முடிவாகாமல் கை நனைக்கக் கூடாது என்று, வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அம்மா சமைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

அவர்கள் போனதும் அக்கா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"நீ நாகலாபுரம் போனியா இல்லியா?"

"போவத் தேவையில்ல. கம்ப்யூட்டர்ல..."

"எனக்கு அவர புடிச்சிருக்குதுடா" என்றாள். "வெள்ளிக்கெழம சத்தியவேட்டுல வேற பொண்ணு பாக்க போறாங்களாம். தரகர் சொல்லிட்டுப் போனாரு."

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அக்காவைக் காப்பாற்றியிருக்கிறேன், நாளைக்கு ஆதாரத்தைக் கொண்டுவந்து காட்டினால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சென்டரில் கேமை விட்டுவிட்டு இன்டர்நெட்டில் டி-72 என்று தேடினேன். அந்தக் காலத்து இன்டர்நெட்டில் ஒரு படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கும். முதலில் வானம். பிறகு ஆன்டெனா. பிறகு கவிழ்த்த சட்டி போன்ற தலைப்பகுதி, நீளமான பீரங்கிக் குழாய். கேமில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரும்பின் மேல் சிராய்ப்பு தெரிந்தது, மண் தெரிந்தது. இவ்வளவு பெரியதா என்று மூச்சு நின்றது. அப்புறம் சக்கரங்களின் மேல் வளைவுகள் எட்டிப் பார்த்தன. எண்ணினேன். ஆறு வளைவுகள்.

இன்னொரு படம் எடுத்தேன். ஆறு. ஏழெட்டுப் படம் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஆறு. கேமைச் செய்தவர்கள் வேறொரு பழைய டாங்கியின் கீழ்ப்பாகத்தை இதற்குப் பொருத்திவிட்டிருந்தார்கள். யாரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம். மவுஸை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். சென்டர் முதலாளி என்னாச்சு தம்பி என்று தெலுங்கில் கேட்டார், "ஏமைந்தி பாபூ, வைரஸா?" ஆமாம், அந்த வைரஸ் நான்தான்.

செவ்வாய்க்கிழமை, முதலிலேயே போயிருக்க வேண்டிய நாகலாபுரத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வயலில் பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். பிரிண்ட் எடுத்த படத்தை நீட்டி, "ஆறுதான். மன்னிச்சிடுங்க. தப்பு என்னுது, அக்கா மேல இல்ல" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அடிப்பார் என்று தயாராக நின்றேன்.

"அந்த அஞ்சு சக்கர வண்டிய நான் பாக்கணுமே" என்றார்.

புதன்கிழமை காலை இருவரும் திருப்பதிக்குப் போனோம். அவரை கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தேன். டாங்கி மணலில் கிளம்பியதும் அவர் முகம் குழந்தை முகம் போல் ஆனது. "நம்ம வண்டி எவ்ளோ அழகா போவுது பாரேன். ஓட்டும்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. சின்ன கண்ணாடி ஒண்ணு. அதுல முன்னாடி போற வண்டியோட தூசிதான்." நாற்பது டன் இரும்பை இரண்டு கைப்பிடியால் திருப்புவதையும், வெயிலில் அதன் மேல் வெறுங்கையை வைத்தால் தோல் கன்றிப்போவதையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு வருடம் நோட்டில் எழுதியதில் இதில் ஒரு வரிகூட இல்லை.

அதற்குள் எதிரியின் குண்டு பட்டு எங்கள் டாங்கி எரிந்தது. மறுபடி ஆடலாமா என்று திரை கேட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு இப்டி கேக்க மாட்டாங்க" என்றார் சாதாரணமாக.

அந்த மனிதரைப் போய் வாட்ச்மேன் என்றேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளில் தட்டினார்.

"போட்டோவ ஊர்ல அத்தினி பேருக்கும் காட்னேன். டாங்கின்னதும் வாயப் பொளந்தாங்க. நீ ஒருத்தன்தான் எண்ணினே. அத வுடு. உங்க அக்கா இன்னா சொல்றாங்க?"

அன்று ராத்திரியே நைனாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வியாழக்கிழமை அவர் என்னையும் இழுத்துக்கொண்டு நாகலாபுரம் போய், அவர்கள் வீட்டில் கை நனைத்தார்.

இப்போது தயாளன் மாமா ரிடையராகி ஊரில் டிராக்டர் ஓட்டுகிறார். போன மாதம் அக்கா மகளுக்கு வரன் வந்தது. பையன் சென்னையில் கார் கம்பெனி என்ஜினீயர். தாய்மாமன் வாயால் சரி என்று சொல்லாமல் எங்கள் பக்கம் ஒன்றும் நடக்காது. அதனால் பையனின் போட்டோவை அக்கா என் போனுக்கு அனுப்பினாள். ஒரு புதுக் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். கண்ணாடி தெரிகிறது, கதவின் பாதி தெரிகிறது.

அதற்குக் கீழே, சக்கரம் வரும் இடம் மொத்தத்தையும் வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தாள்.