பர்கர் பிறந்த மூன்றாவது மாடி

பொதுமக்களின் வசதிக்காகவே அலுவலகங்கள் திறக்கப்படுகின்றன. என் தங்கை இதை நம்பியவள்.

பத்து வருடம் தையல் ஆலையில் காலர் தைத்து முதுகு போனவள், ஒரு நாள் வேலையை உதறிவிட்டு, தெருவைப் பார்த்த சமையலறை ஜன்னல் வழியாக மாட்டுக்கறி பர்கர் விற்பதென்று முடிவு செய்தாள். கைப்பக்குவம் அப்படி. கொழுப்போடு கொத்திய கறியை வட்டமாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் வைத்து, கல்லில் போட்டு ஒரே ஒரு தரம் திருப்புவாள். கரண்டியால் அழுத்துகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "சாறு உனக்கா, கல்லுக்கா?" என்பாள். உரிமம் கிடைத்தால் ஜன்னல், கிடைக்காவிட்டால் மறுபடி காலர்.

விண்ணப்பத்தில் பதினேழாவது கேள்வி: 'உணவின் பிறப்பிடம்.' தான் தின்பது எங்கே பிறந்தது என்று அதுவரை ஊரில் எவனும் கவலைப்பட்டதில்லை. அந்த வருடம்தான் அது நாகரிகமாயிற்று. தண்ணீர் பாட்டிலில்கூட 'அசல்' என்று போட்டால்தான் விற்றது. அரசாங்கம் சும்மா இருக்குமா? உரிமம் தரும் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் உணவுப் பூர்வீகச் சரிபார்ப்புப் பிரிவு உதயமாயிற்று.

"எங்கேம்மா பிறந்துச்சு?" என்றார் அதிகாரி.

"என் அடுப்புல சார்."

"உங்க அடுப்பை யாரு கேட்டா? ஆதியில!"

நான் குறுக்கே புகுந்தேன். படித்தவன் அல்லவா! "ஜெர்மனியில ஹாம்பர்க்னு ஒரு துறைமுகம் சார். கொத்துக்கறிக்கு அந்த ஊர்ப் பேரு. கப்பலேறிப் போனவங்களோட அமெரிக்கா போச்சுங்கிறாங்க. அங்க யாரோ பன்னுக்கு நடுவுல வெச்சாங்க. யாருன்னு நாலஞ்சு ஊர்க்காரங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க."

"அடடா, தகராறுல இருக்கிற பொருளா! அதுக்கு எப்படி உரிமம் தர்றது? மாதிரியை வெச்சிட்டுப் போங்க."

நான்காம் நாள் கடிதம் வந்தது. 'தாங்கள் சமர்ப்பித்த மாதிரி ஆய்வின்போது தீர்ந்துவிட்டபடியால், புதிய மாதிரிகள் ஆறினை, ஆறுவதற்குள் சமர்ப்பிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' கொடுத்தோம். அடுத்த கடிதம் பன்னிரண்டு கேட்டது. இணைப்பாக வெங்காயமும் கேட்டது. மாதிரி இல்லாமல் கோப்பு நகரக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. எழுத்தர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

"நடுவுல பள்ளம் எதுக்கு?" என்று ஒரு நாள் விசாரணை.

"வேகும்போது உப்பிக்கும் சார். பள்ளம் இருந்தா சமமா நிக்கும்."

"குறிச்சுக்கய்யா," என்றார் அதிகாரி. எழுத்தர் குறித்து, முத்திரை குத்தினார்.

மூன்றாம் மாதம் தீர்ப்பு வந்தது. அதிகாரி எழுந்து நின்று வாசித்தார்: "இவ்வுணவு தன்னிடம் பிறந்ததாக உலகின் எந்த ஊரும் இவ்வலுவலகத்தில் மனு செய்யவில்லை. முத்திரையுடன் கூடிய ஒரே ஆவணம் இப்பிரிவின் கோப்பே. ஆகவே இவ்வுணவு இம்மூன்றாவது மாடியிலேயே பிறந்ததெனத் தீர்மானிக்கப்படுகிறது."

"அப்போ என் ஜன்னல்?"

"தாராளமா நடத்துங்க. பலகையில 'நகல்'னு மட்டும் போடணும். அசலை நாங்க கேண்டீன்ல விப்போம். ஆனா எங்களுக்குச் செய்யத் தெரியாது. நீங்கதான் செஞ்சு அனுப்பணும்."

தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு அழுகைதான் வரும். ஆனால் காலரை நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரே கறி, ஒரே கல். பாதி மூன்றாவது மாடிக்குப் போயிற்று, பாதி ஜன்னலுக்கு. ஜன்னலில் அவள் ஈ ஓட்டினாள். கேண்டீன் வரிசையோ மாடிப்படி இறங்கித் தெருமுனைவரை நின்றது. ஆளாளுக்குப் பர்கரைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்து, 'பிறந்த இடத்திலேயே!' என்று போட்டார்கள்.

நானும் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நின்று வாங்கித் தின்றேன். அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்கு வந்தேன்.

"அண்ணன்கிறதுக்காகப் பொய் சொல்லக் கூடாதும்மா. உன்னுதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ன இருந்தாலும், அந்த அசல் ருசி வரலை."

கேண்டீனுக்கு அனுப்ப வேண்டிய கறியைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையைக் கழுவினாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"இத்தனை நாளா அந்த அதிகாரியை முட்டாள்னு திட்டிக்கிட்டு இருந்தேன் அண்ணா," என்றாள். "பாவம், உங்களையெல்லாம் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அவரு தீர்ப்பு எழுதியிருக்காரு."