தீர்ந்துபோன கிரீம் பன்

உயிரே போனாலும் உடற்பயிற்சி செய்வதில்லை என்று டைலர் மாஸ்டர் சபதம் எடுத்துக்கொண்டார். எடுத்த இடம் டாக்டரம்மா அறை வாசல்.

மாஸ்டருக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. அதற்குள் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திட்டினார்.

"சின்ன வயசுல வர்ற சர்க்கரை வேகமா கெடுக்கும் தம்பி. பகல் பூரா மெஷின் முன்னால உக்காந்திருக்கீங்க. மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிடறீங்க. ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்கத்துல சாப்பிடறீங்க. இனிமே இருட்டறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சு, கையோட கிளம்பி நடங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சம்சாரம் சிரிக்கவில்லை.

"எங்கப்பாவுக்குக் காலை எடுத்தப்ப நான் பக்கத்துல நின்னேன். இன்னொரு தடவை நிக்க என்னால ஆகாது."

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லுக்கு எதுக்கு வருஷத்துல ரெண்டு தடவை பேன்ட் இடுப்பைப் பிரிச்சு விடறீங்க?"

"துணி சுருங்கிடுச்சு."

"மூணு மாசத்துல சர்க்கரை குறையணும். இல்லேன்னா என் தம்பியை வரச் சொல்லிடுவேன். இங்கேயே தங்கி உங்களைப் பார்த்துக்கட்டும்."

அந்த மச்சான் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். ஊர் வைத்த பெயர் தண்டால். ஒருமுறை விருந்துக்கு வந்தவன், விடிவதற்கு முன்னால் எழுப்பி இவரைக் குனிய வைத்தான். நிமிர மூன்று நாள் ஆயிற்று. அந்தப் பயல் வீட்டோடு வந்து தங்குவதா?

"நடக்கறேம்மா, நடக்கறேன்" என்றார். வாய்தான் சொன்னது. மனசு தெருமுனை பேக்கரியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டது. நடக்கப் போகிறேன் என்று கிளம்புவது, ஒரு கிரீம் பன்னை முடிப்பது, நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வியர்த்து வழிந்து திரும்புவது. ஆகா, என்ன மூளை.

சாப்பிடாமல் வாசல்படி தாண்டக் கூடாது என்றாள் சம்சாரம். சாப்பிட்டுவிட்டுத் தாண்டினார்.

"கிரீம் பன் ஒண்ணு" என்றார் தெருமுனை பேக்கரிக்காரரிடம்.

"தீர்ந்துபோச்சு மாஸ்டர். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை இருக்கு, அங்க கிடைக்கும்."

பன் ஆசை யாரை விட்டது? பாலம் ஏறி இறங்கினார். அங்கே இருந்தவர் கையை விரித்தார்.

"இப்பத்தான் கடைசிப் பன்னை ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். ஸ்டேடியம் எதிர்ல கேட்டுப் பாருங்க."

ஸ்டேடியம் எதிரில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"நாளைக்குக் கொஞ்சம் வேகமா வாங்க மாஸ்டர்" என்றார் கடைக்காரர்.

முன்பின் பார்க்காத ஆள் தன்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறாரே என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் தையல் புகழ் பாலம் தாண்டிவிட்டது என்று பூரித்துப்போய் வீடு திரும்பினார். தண்ணீர் தெளிக்காமலே வியர்த்திருந்தது.

மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. வெயில் இறங்குவதற்குள் "சோத்தைப் போடு, சோத்தைப் போடு" என்று சமையலறை வாசலில் நின்றார். பாலத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனார். கடைசியில் வெறும் ஓட்டம். பன் மட்டும் எப்போதும் இவருக்கு ஒரு நிமிஷம் முன்னால் தீர்ந்துபோனது.

நடுவில் சம்சாரம் ஒரு கட்டுத் துணியைக் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தாள்.

"ஏப்ரன் ஆர்டர். நல்லா தச்சுக் குடுங்க."

"யாருக்கு?"

"வேண்டியவங்களுக்கு."

மாஸ்டருக்கு இடது கைப் பழக்கம். அவர் வைக்கும் பை இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அது அவர் முத்திரை. எல்லா ஏப்ரனிலும் சாய்த்து வைத்தார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. இப்போது வரும் துணியெல்லாம் தளர்ந்துவிடுகிறது என்று மில்காரனைத் திட்டிக்கொண்டே இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டார்.

மூன்று மாசம் முடிந்தது. சர்க்கரை நல்ல பிள்ளையாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா கைகொடுத்தார். வெளியே வந்ததும் மாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை. கூட வந்திருந்த சம்சாரத்திடம் பீற்றிக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு நாள்கூட நான் உடற்பயிற்சி செய்யல. பேக்கரி பேக்கரியா பன்னுக்கு அலைஞ்சேன். டாக்டர், உன் தம்பி எல்லாம் விடறது புருடா."

"அப்படிங்களா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் அவள். "வாங்க, அந்த பேக்கரிக்கே போகலாம்."

தெருமுனை பேக்கரிக்காரர் புது ஏப்ரனில் நின்றிருந்தார். பை இடது பக்கம் சாய்ந்திருந்தது. மாஸ்டர் கிட்டே போய்த் தையலைத் தடவிப் பார்த்தார்.

"இது எங்க தச்சது?"

அவர் மாஸ்டரின் சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்தார். "நீங்கதான் மாஸ்டர். எங்க மூணு கடைக்கும்."

"அப்ப பன்னு?"

"தினமும் இருந்துச்சு. உங்க தலை தெரிஞ்சதும் உள்ள எடுத்து வெச்சிடுவோம். அக்காவோட ஒப்பந்தம் அது. ஏப்ரனுக்குக் கூலியே அதுதான்."

மாஸ்டர் திரும்பினார். "எனக்கு பன் இல்லேன்னு சொல்றதுக்கு, என்னையே ஏப்ரன் தைக்க வெச்சியா?"

"நடங்கன்னு சொன்னா நடக்கற ஆளா நீங்க?" என்றாள். "பயந்துட்டேங்க."

அதற்கு மேல் கோபப்பட அவருக்கு மனசு வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போகட்டும் விடு. இன்னிக்காவது கொண்டாப்பா."

பேக்கரிக்காரர் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். தட்டில் ஒரே ஒரு கிரீம் பன். அதை அவள் முன்னால் வைத்தார்.

"அக்கா, தினமும் சாப்பிடற உங்க பன். மாஸ்டர், உங்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம்."