வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் வீடும் நலம். அங்கு நீங்களும் நிறைமாதமாக இருக்கும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிக்கும்போது வீட்டையும் ஓர் ஆளாகச் சேர்த்து எழுதியதை உங்கள் அத்தை பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போகிறாள். அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எதிர்வீட்டு மாடியில் ஓர் அம்மாள் இருக்கிறார். அவருக்குக் கண்தான் மங்கல், காது பாம்புக் காது. நான் ஊருக்குப் போவதாக போனில் ஒரு வார்த்தை விட்டால் போதும், சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை தெரிந்துவிடும். திருடர்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா என்ன?

நீங்கள் அனுப்பிய ரயில் டிக்கெட்டுகள் இரண்டும் வந்து சேர்ந்தன. ‘அப்பா வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கே போவேன்னு உங்க பொண்ணு ஒரே பிடிவாதமா நிக்கிறா மாமா’ என்று எழுதியிருந்தீர்கள். முதல் பேரக்குழந்தையைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் போகுமா? ஆனால் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட இதைத் தனியாக விட்டு நான் போனதில்லை. உங்கள் கல்யாணத்தன்று எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுகூட நான் ஓடிவந்து பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். குடும்பப் போட்டோவில் நான் இல்லாததற்குக் காரணம் அதுதான். எனக்கு ஏதோ கோபம் என்று உங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

இருந்தாலும் இந்தத் தடவை எப்படியாவது வந்துவிடுவது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். முதலில் வாசல் கதவுக்கு மூன்றாவதாக ஒரு பூட்டுப் போட்டேன். அதன் சாவியை யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்துவைத்தேன். என் கண்ணிலும் இன்றுவரை படவில்லை. அதனால் இப்போது எல்லோருக்கும் போக்குவரத்து பின்வாசல் வழியாகத்தான். அடுத்து, ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக எரியும் விளக்கு ஒன்றை மதில்மேல் மாட்டினேன். அதில் குளிர் காய்வதற்கென்றே தெருப் பூனைகள் எல்லாம் வந்து சபை கூடுகின்றன, கல்யாண வீடு மாதிரி விடிய விடிய வெளிச்சம். பிறகு ஓர் அலாரம் வாங்கினேன். நான் தும்மியதற்கு அது ஊரைக் கூட்டியது. அதை நிறுத்துவதற்கு ஓர் எண்ணை அழுத்த வேண்டும். பாதுகாப்பை முன்னிட்டு அந்த எண்ணை நான் எங்கேயும் குறித்துவைக்கவில்லை. கடைசியில் உங்கள் அத்தைதான் அதைக் கழற்றிக்கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்தாள். இப்போது அரிசி அளக்கும்போது மட்டும் லேசாக முனகுகிறது.

வருகிறவனைத் தடுக்க முடியாவிட்டாலும் போகிற பொருளுக்காவது ஈடு கிடைக்கட்டும் என்று இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், பேச்சில் வெண்ணெய். “வீட்ல ஆள் இருந்தாத்தான் சார் திருட்டுக்கு நாங்க பொறுப்பு. பூட்டிப் போட்டுட்டு வாரக்கணக்குல போனீங்கன்னா ஒண்ணும் கிடைக்காது” என்றார். “ஆள் இருந்தா திருடன் எதுக்குய்யா வரப்போறான்?” என்று கேட்டேன். “அதனாலதான் சார் தைரியமா பொறுப்பேத்துக்கிறோம்” என்றார். வீட்டுச் சாமான்களை மதிப்பிட ஆபீசிலிருந்து ஒருவர் வருவார், அவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஆக, நான் ரயிலிலும் இருக்க வேண்டும், வீட்டிலும் இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், என்னை மாதிரியே ஓர் ஆளைத் தயார்செய்து உட்காரவைத்துவிட்டால் என்ன என்று பொறி தட்டியது. உங்கள் அத்தையின் தையல்காரர் வழியாக ஒருவர் கிடைத்தார். அந்தக் காலத்தில் நாடகக் குழுவில் இருந்தவர். எந்த நாடகமானாலும் மூன்றாவது காட்சியில் செத்துப்போகிற வேஷம்தான் அவருக்குக் கொடுப்பார்களாம். அதனால் அவருக்கு ‘மூணாம் சீன்’ என்றே பேர் நிலைத்துவிட்டது. ஏறக்குறைய என் உயரம், என் வழுக்கை. “கடைசி வரைக்கும் உயிரோட இருக்கிற வேஷம் இதுதான் சார் எனக்கு முதல் தடவை” என்று கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

பயிற்சியை ஆரம்பித்தேன். காலையில் பேப்பர் படிக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடியைக் காணோம் என்று கத்த வேண்டும். மத்தியானம் குழாயில் தண்ணீர் சன்னமாக வருவதைத் திட்ட வேண்டும். சாயங்காலம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் யார் நடந்தாலும் “யாரது?” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு இரண்டு தரம் இருமவேண்டும். எல்லாவற்றையும் மனிதர் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டார். உங்கள் அத்தையே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “நீங்க இருமினா எரிச்சலா வருது. அவரு இருமினா ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம்னு தோணுது” என்றாள். கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்தாள். இதைத் தவிர இரண்டு கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். நான்தான் வீட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டு எவன் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது.

ஒத்திகைக்கு ஒரு நாள் குறித்தேன். உங்கள் அத்தையை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டு, ஒரு திருடன் பார்த்தால் வீடு எப்படித் தெரியும் என்று பார்ப்பது என் திட்டம். தெரிந்தவர்கள் யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கு வாயை மூடும் துணிக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டேன். அங்கே நின்று பார்த்தேன் மாப்பிள்ளை. என் நாற்காலியில் என் சட்டையில் ஒருவர் உட்கார்ந்து என் இருமலை இருமிக்கொண்டிருந்தார். பேப்பர்காரர் வழக்கம்போல அவரை முறைத்துக்கொண்டு போனார், அவரும் என்னை மாதிரியே பதிலுக்கு முறைத்தார். வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷமாக நான் காவல் காத்த வீட்டுக்கு நான் தேவையில்லை, ஓர் இருமல் போதும் என்று தெரிந்துபோயிற்று. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்தா அந்த இன்ஷூரன்ஸ் மதிப்பீட்டாளர் வந்து சேர வேண்டும்? கையில் பையோடு வந்தவரை மூணாம் சீன் வரவேற்று, பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதை மூணாம் சீனிடம் நான் சொல்லிவைக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. ஓடலாம் என்று காலை எடுத்துவைக்கிறேன், தோளில் ஒரு கை விழுகிறது. திரும்பினால் போலீஸ்காரர். முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தன் ரொம்ப நேரமாக எதிர்வீட்டையே நோட்டம் விடுகிறான் என்று மாடி அம்மாள் போன் போட்டிருக்கிறார்.

“யாருய்யா நீ? இங்க என்ன வேலை?” என்றார் அவர்.

“அது என் வீடுங்க” என்றேன்.

மாடியிலிருந்து அந்த அம்மாள், “வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்காரு. இப்பதான் இருமினாரு” என்றார்.

போலீஸ்காரர் என்னைத் தெருவைத் தாண்டி நடத்திக்கொண்டுபோய்க் கேட்டின் முன்னால் நிறுத்தினார். “யாரது?” என்று கேட்டுக்கொண்டே மூணாம் சீன் வந்தார். இவரைத் தெரியுமா என்று போலீஸ்காரர் கேட்டார். நான் தொப்பி, கண்ணாடி, கவசம் எல்லாவற்றையும் கழற்றினேன். மூணாம் சீன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தெரியாதுங்க. ஆனா பார்த்தா பாவமா இருக்கு, அடிச்சுகிடிச்சுடாதீங்க” என்றார். நான் போட்ட உத்தரவை அப்படியே நிறைவேற்றுகிறார். “ஒத்திகை முடிஞ்சிருச்சுய்யா” என்றேன். “இப்படி ஏதாவது சொல்லுவான்னு முன்னாடியே எனக்குத் தெரியும் சார்” என்று போலீஸ்காரரிடம் சொல்கிறார். கோபத்தில் எனக்கே இருமல் வந்துவிட்டது. மாடி அம்மாள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இது அவரு இருமல் இல்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நல்லவேளை, உங்கள் அத்தை வந்த வாடகை வண்டி அப்போது வாசலில் வந்து நின்றது. போலீஸ்காரர், “அம்மா, இவங்க ரெண்டு பேர்ல உங்க வீட்டுக்காரர் யாரு?” என்று கேட்டார். அவள் மூணாம் சீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யோசித்தாள் மாப்பிள்ளை. உட்கார்ந்து எழுதும் இந்த நேரம்வரை எனக்கு அது ஆறவில்லை. வண்டிக்காரருக்குக் காசைக் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “அதோ முழிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருதான்” என்று என்னைக் காட்டினாள். போலீஸ்காரர் ஒரு சலாம் வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

மதிப்பீட்டாளர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். “நல்ல காவல் சார் இந்த வீட்டுக்கு” என்று மூணாம் சீனின் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார். நேற்று அவருடைய அறிக்கை வந்தது. பீரோவைக் காட்டிக் கேட்டதற்கு, உள்ளே பழைய துணி என்று நம் ஆள் சொல்லியிருக்கிறார். டிவி ஓடாது என்றாராம். உங்கள் அத்தையின் நகைப்பெட்டியை ஊசிநூல் டப்பா என்றாராம். ‘மேற்படி வீட்டில் மதிப்புள்ள பொருள் எதுவும் இல்லை, திருட்டுக்கு இன்ஷூரன்ஸ் தேவைப்படாது, வீட்டு உரிமையாளர் மிகவும் எளிமையானவர்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஆபீசுக்கு ஓடி, அவர் நான் இல்லை என்றேன். “அப்ப வீட்ல இருந்தது யாரு சார்?” என்று கேட்கிறார்கள். அதற்கு மேல் அங்கே நின்றால் மறுபடியும் போலீஸ்காரர்தான் வருவார் என்று திரும்பிவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, கிடைக்க இருந்த இன்ஷூரன்ஸும் போய், ஊர் சிரித்து, நான் நானே இல்லை என்று ஆனதுதான் மிச்சம். மூணாம் சீனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன். உங்கள் அத்தை மட்டும் ரயில் ஏறுவாள். நான் இந்த வீட்டைவிட்டு ஓர் அடிகூட நகருவதாக இல்லை, இரவும் பகலும் விழித்துக்கொண்டு இங்கேயேதான் இருக்கப்போகிறேன். மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவளுக்குச் சுகப்பிரசவம் ஆகி, தாயும் சேயும் நோய்நொடி இல்லாமல் இருக்கவும், உங்கள் இல்லத்தில் பூட்டு தேவைப்படாத அளவுக்கு நிம்மதியும், பூட்டியே ஆக வேண்டிய அளவுக்குச் செல்வமும் பெருகவும் மனமார வாழ்த்துகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும் உங்கள் மாமா

பின்குறிப்பு: தம்பிக்கு வணக்கம். இதை எழுதுவது உங்கள் மாமா இல்லை. மூணாம் சீன் என்று மேலே சொல்லியிருக்கிறாரே, அந்த ஆள். சார் என்னை அனுப்பவில்லை, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சாரும் அம்மாவும் இன்று காலை ரயில் ஏறிவிட்டார்கள். நடந்ததாக எழுதியிருப்பதெல்லாம் நடந்ததுதான். கடைசியில் வர மாட்டேன் என்று எழுதியது மட்டும் ஊருக்காக. கடிதத்தை ஒட்டாமல் கூரியர் கடையில் கொடு, கடைக்காரர் பிரித்துப் படித்து நாலு பேரிடம் சொல்லட்டும், வீட்டுக்காரர் வீட்டில்தான் இருக்கிறார் என்று திருடர்கள் நம்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் சாரும் அம்மாவும் ரயிலில் அங்கே வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும், கூரியர் நாளைக்கே வந்துவிடும். நிறைமாதப் பெண் இதைப் படித்துவிட்டு, அப்பா வரவில்லையே என்று அழுதால் என்ன செய்வது? அதனால்தான் உத்தரவை மீறி எழுதுகிறேன். நன்றாக ஒட்டியே அனுப்புகிறேன்.

இன்னொன்று. போலீஸ்காரர் வந்துபோன அன்று ராத்திரி சார் என்னிடம் தனியாக வந்து, “மேடையில கைக்குழந்தையைத் தூக்கி நடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். நிறைய தடவை என்றேன். “எப்படிப் பிடிக்கணும்னு கொஞ்சம் காட்டுங்களேன்” என்றார். அன்றிலிருந்து தலையணையை வைத்துத் தினமும் பழகினோம். தலைக்கு அடியில் கையைக் கொடுப்பது இப்போது நன்றாகவே வருகிறது. ஆனால் யாரோ பிடுங்க வருகிற மாதிரி நெஞ்சோடு இறுக்கிக்கொள்கிறார், எவ்வளவு சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை. குழந்தையைக் கொடுக்கும்போது முதலில் அவரை உட்காரவைத்துவிட்டுக் கொடுங்கள். திரும்ப வாங்குவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.